‘மையத்தில் வெப்பநிலை 19.2’: எந்த மையத்தில்?

பால் குளிரூட்டும் மையங்களைக் கண்காணிக்கும் எங்கள் டீமுக்கு இரவு 10:20க்கு வந்த அலர்ட் (தானியங்கி எச்சரிக்கை) இது. "பால் டேங்க்: மையத்தில் வெப்பநிலை 19.2 டிகிரி. உடனே பார்க்கவும்." ஊர்ப் பெயர் வர வேண்டிய இடம் காலி. அன்று ஆன்கால் (வரும் அலர்ட்டைக் கவனிக்கும் பொறுப்பு) பார்த்த தம்பி திருமங்கலத்தில் தன் வீட்டில் இருந்தான், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அலர்ட்டில் இருந்த ரன்புக் (அலர்ட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு) லிங்கை அழுத்தியிருக்கிறான். பக்கம் இல்லை என்று வந்தது, ஏனென்றால் அந்தக் குறிப்புகள் இருக்கும் விக்கியை நாங்கள் வேறு இடத்துக்கு மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. முந்தின வாரம் உசிலம்பட்டிப் பக்கத்து மையத்தில் சென்சார் தகராறு இருந்தது, இதுவும் அதுதான் என்று நினைத்து அங்கே போன் போட்டான்.

"அண்ணே, டேங்க் என்ன டிகிரி காட்டுது?"

"நாலுதான் தம்பி காட்டுது. நல்லாத்தான் ஓடுது."

சரி, சென்சார் கோளாறு என்று முடிவுகட்டி காலை வரைக்கும் அந்த அலர்ட்டை சைலன்ஸ் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டான். உண்மையில் சூடாக இருந்த டேங்க் கொட்டாம்பட்டிப் பக்கம், மதுரைக்கு அந்தக் கோடியில். சாயங்காலப் பால் ஊற்றி முடிந்ததும் வோல்டேஜ் இறங்கி கம்ப்ரஸர் டிரிப் ஆகி நின்றிருக்கிறது. காலையில் டேங்கர் வந்து, ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்த்தால் பால் திரிந்துபோனது. சுமார் 1,100 லிட்டர். அத்தனையும் கீழே ஊற்றினார்கள்.

நாங்கள் மதுரை கே.கே.நகரில் ஒரு மாடியில் இருந்து வேலை பார்க்கும் சின்ன டீம். ஒரு தனியார் பால் நிறுவனத்துக்கு 14 பால் குளிரூட்டும் மையங்களை ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்துக் கண்காணிக்கிறோம். அன்று மதியமே நான் கொட்டாம்பட்டிக்குப் போனேன். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் வீடு அங்கிருந்து நாலு வீடு தள்ளித்தான். அவர் என்னைத் திட்டவில்லை. "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா வந்து அந்தச் செவப்புப் பட்டனை அமுக்கியிருப்பேனே தம்பி, இத்தனை பேரு பாலு" என்றார். அங்கே ஊற்றுபவர்களில் பாதிப் பேர் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவர்கள். நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டது, எங்கள் பில்லில் கழித்துக்கொண்டது, அது நியாயம்தான். ஆனால் அந்த அக்கா கை காட்டிய பட்டன் இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தப்பு தம்பியுடையது இல்லை, என்னுடையது. ஒவ்வொரு டேங்கிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சென்சார் இருக்கிறது. ஒரே பிரச்சினைக்கு இரண்டு அலர்ட் வருகிறது என்று எல்லோரும் சலித்துக்கொண்டதால் எப்போது அலர்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லும் ரூலில் மேக்ஸ் (பெரிய மதிப்பை மட்டும் எடுப்பது) போட்டு ஒன்றாக்கினேன். அப்படிப் போடும்போது ‘பை சென்டர்’ (மையம் வாரியாக) என்று சேர்க்க மறந்துவிட்டேன். ப்ரொமீதியஸில் கூட்டிச் சுருக்கும்போது எந்த லேபிளை (மதிப்போடு ஒட்டியிருக்கும் மையப் பெயர் போன்ற குறி) வைத்துக்கொள் என்று சொல்லாவிட்டால் எல்லா லேபிளும் உதிர்ந்துவிடும். அலர்ட்டோடு போகும் செய்தியான அன்னோட்டேஷனில் ‘சென்டர் லேபிளை இங்கே போடு’ என்று டெம்ப்ளேட் (பிறகு நிரப்பப்படும் இடம்) அப்படியே இருந்தது. இல்லாத லேபிளைக் கேட்டால் ப்ரொமீதியஸ் பிழை எதுவும் காட்டாது, வெற்று எழுத்தை வைத்துவிட்டுப் போய்விடும். ப்ரொமீதியஸோடு வரும் புரோம்டூல் வைத்து ரூல் கோப்பைச் சரிபார்த்துத்தான் ஏற்றினோம். அது பச்சையாகவே வந்தது, ஏனென்றால் இலக்கணப்படி அந்த ரூலில் ஒரு குறையும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் லேபிளையும் அன்னோட்டேஷனையும் ஒன்று போலவே நினைத்து எழுதுவீர்கள், நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். லேபிள் அலர்ட்டின் அடையாளம்: எந்த அலர்ட் எது என்று பிரிப்பது, அலர்ட்மேனேஜர் யாருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது எல்லாம் அதை வைத்துத்தான். அன்னோட்டேஷன் மனுசனுக்கு எழுதுவது. தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஒருவர் அதைப் படித்து அடுத்த இரண்டு நிமிடத்தில் சரியான ஊருக்குப் போன் போட வேண்டும். எங்கே, என்ன ஆச்சு, இப்போ என்ன செய்யணும், இந்த மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். எங்கள் 86 ரூல்களையும் உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தவை கைவிட்டு எண்ணும் அளவுதான்.

இனிமேல் ‘எல்லோரும் கவனமாக எழுதுங்கள்’ என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் நான் கவனமாகத்தான் எழுதினேன். அதனால் லின்டர், அதாவது எழுதியதைப் படித்துக் குறை காட்டும் கருவி, தேடினேன். பின்ட் என்று ஒன்று இருக்கிறது, கிளவுட்ஃப்ளேர் பொறியாளர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எழுதித் திறந்த மூலமாக விட்டது, ஒரே ஒரு பைனரி, இறக்கி வைத்தால் ஓடும். முதல் தடவை எந்தக் கான்ஃபிகும் இல்லாமல் எங்கள் ரூல் கோப்புகள் மேல் ஓட்டினேன். நான் உடைத்த அதே ரூலைத்தான் காட்டியது: டெம்ப்ளேட்டில் சென்டர் லேபிள் கேட்கிறாய், ஆனால் குவெரி அந்த லேபிளை நீக்கிவிடுகிறது என்று. கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதற்கு நாங்கள் எழுத வேண்டியது ஒரு வரிகூட இல்லை, அலர்ட் டெம்ப்ளேட்டைச் சோதிக்கும் செக் அதில் தானாகவே ஓடுகிறது. அலர்ட் வைத்திருக்கும் யாராக இருந்தாலும் இன்றைக்கே ஒரு தடவை சும்மா ஓட்டிப் பாருங்கள், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதே செக் இன்னொன்றையும் பிடித்தது. சென்சார் டேட்டாவே வரவில்லை என்றால் சொல்வதற்கு ஆப்சென்ட் வைத்து ஒரு ரூல் வைத்திருந்தோம், அதன் அன்னோட்டேஷனிலும் சென்டர் பெயர் கேட்டிருந்தோம். ஆப்சென்ட் என்பது இல்லாததைச் சொல்வது, இல்லாத ஒன்றுக்கு லேபிள் எங்கிருந்து வரும்? அதைவிட மோசம், 14 மையத்துக்கும் சேர்த்து ஒரே ஆப்சென்ட் போட்டிருந்ததால் 13 மையம் செத்துப்போய் ஒன்று மட்டும் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த அலர்ட் அடிக்காது. இப்போது ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனி ஆப்சென்ட், உள்ளே சென்டர் இன்னது என்று சமக்குறி போட்டு எழுதியிருக்கிறோம். அப்படி எழுதினால் அந்த லேபிள் முடிவிலும் வரும், மெசேஜில் ஊர்ப் பெயரும் வரும்.

அடுத்து எங்கள் சொந்த விதிகள். பின்ட்டின் கான்ஃபிக் ஹெச்.சி.எல். வடிவத்தில், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு கோப்பில் இருக்கும். அதில் ரூல் என்று ஒரு பிளாக், உள்ளே எந்த ரூல்களுக்கு இது பொருந்தும் என்று ஒரு மேட்ச், அப்புறம் அன்னோட்டேஷன் பெயர், கட்டாயமா இல்லையா, மதிப்பு எந்த ரெகெக்ஸுக்கு (எழுத்து வடிவ விதிக்கு) பொருந்த வேண்டும், மீறினால் எச்சரிக்கையா பிழையா. அவ்வளவுதான், பத்து வரி. அந்தப் பத்து வரியைச் சரியாக எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. எங்கெங்கே மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும்.

பின்ட்டில் ரெகெக்ஸ் இரண்டு முனையிலும் கட்டப்பட்டது, முழு மதிப்பும் பொருந்தினால்தான் ஏற்கும். ரன்புக் லிங்க் எங்கள் விக்கி முகவரியில் தொடங்க வேண்டும் என்று முகவரியை மட்டும் எழுதினேன். அத்தனை ரூலும் சிவப்பு. பின்னால் புள்ளியும் கூட்டல் குறியும் சேர்க்க வேண்டும். அந்த முகவரியில் வரும் புள்ளிகளுக்கு முன் சாய்கோடு போட்டால் ஹெச்.சி.எல். கோப்பே படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது, மேற்கோளுக்குள் அந்தச் சாய்கோட்டை இரட்டையாகப் போட வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. விளக்க அன்னோட்டேஷன் குறைந்தது 40 எழுத்து இருக்க வேண்டும் என்று விதி போட்டால், நன்றாக, நீளமாக, பொறுப்பாக எழுதிய ரூல்கள் தோற்றன. ஒற்றை வரியில் எழுதியவை தேறின. காரணம், நீளமாக எழுதியவர்கள் ரூல் கோப்பின் யாமல் வடிவத்தில் பைப் குறி போட்டுப் பல வரியாக எழுதியிருந்தார்கள். பின்ட் எழுதப்பட்ட கோ மொழியின் ரெகெக்ஸில் புள்ளி என்பது புது வரிக் குறியைத் தாண்டாது. தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியும் எஸ் எழுத்தும் போட்ட பிறகுதான் சரியானது.

நான்காவதைக் கண்டுபிடித்தது தம்பி. கிரிட்டிகல் அலர்ட்டுகளுக்கு மட்டும் ரன்புக் கட்டாயம் என்று, சிவியரிட்டி (தீவிரம்) லேபிள் கிரிட்டிகலாக இருந்தால் என்று மேட்சில் எழுதியிருந்தேன். "அண்ணே, சிவியரிட்டியே போடாம விட்டா?" என்று கேட்டான். போடாவிட்டால் மேட்ச் பொருந்தாது, எந்தச் சோதனையும் இல்லாமல் அந்த ரூல் உள்ளே வந்துவிடும். பார்த்தால் அப்படி 9 ரூல் இருந்தது, அதில் ஒன்று ஜெனரேட்டர் டீசல் அளவு. சிவியரிட்டி லேபிள் எல்லா அலர்ட்டிலும் கட்டாயம், மூன்று மதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தனி விதி போட்டோம். இதை முதலில் போட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

கட்டாயம் என்று சொன்னதும் மக்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்ததுதானே. ‘பின்னர் எழுதவும்’ என்று போட்டு நிரப்பினார்கள். அந்தச் சொல் இருக்கக் கூடாது என்று ரெகெக்ஸ் எழுதப் பார்த்தேன், கோவின் ரெகெக்ஸில் ‘இது வரக் கூடாது’ என்று முன்னோக்கிப் பார்க்கும் வசதி கிடையாது. அப்புறம் யோசித்துத் திருப்பிப் போட்டேன்: என்ன இருக்கக் கூடாது என்பதை விட்டு, என்ன இருந்தாக வேண்டும் என்று. விளக்கத்தில் ‘முதலில்:’ என்று ஒரு சொல்லும், அதற்குப் பின் குறைந்தது 20 எழுத்தும் இருக்க வேண்டும். அந்தச் சொல்லை டைப் அடித்தபின் வெறுமனே நிரப்பிவிட்டுப் போக யாருக்கும் கை வரவில்லை. "முதலில்: மையப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கேட்கவும். இல்லையென்றால் பேனலில் சிவப்பு ரீசெட் பட்டன்." கொட்டாம்பட்டி அக்கா சொன்னதை அப்படியே அந்த ரூலில் எழுதினேன்.

ரன்புக் லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் பின்ட்டில் ஒரு செக் இருக்கிறது, லிங்கைத் திறந்து 200 (பக்கம் சரியாகத் திறந்தது என்ற பதில்) வருகிறதா என்று பார்க்கும். போட்டோம், எல்லாம் பச்சை. சந்தேகப்பட்டு இல்லாத பக்கம் ஒன்றின் லிங்கை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தேன், அதுவும் பச்சை. எங்கள் விக்கி லாகின் கேட்கும், லாகின் பக்கம் 200 கொடுத்துவிடுகிறது. ஹெட்டரில் டோக்கன் வைத்துச் சரிசெய்ய வழி உண்டு, நாங்கள் அதற்குப் போகாமல் ரன்புக்குகளையே ரூல்கள் இருக்கும் அதே கிட்டுக்குள் (கோப்புகளை மாற்ற வரலாற்றோடு வைத்திருக்கும் இடம்) கொண்டுவந்துவிட்டோம். ஒரு ரூலுக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயர் அலர்ட்டின் பெயர். பின்ட்டின் ரெகெக்ஸுக்குள்ளேயே டெம்ப்ளேட் எழுதி, சோதிக்கப்படும் அலர்ட்டின் பெயரைக் கூப்பிட முடியும். அதனால் லிங்க் அந்த அலர்ட்டின் பெயரில்தான் முடிய வேண்டும் என்று ஒரே விதியில் சொல்லிவிடலாம். இதற்கு முன் பக்கத்து ரூலில் இருந்து காப்பி அடித்த லிங்க்குகள் எத்தனையோ இருந்தன, டீசல் அலர்ட்டை அழுத்தினால் ரவுட்டர் ரீஸ்டார்ட் பண்ணும் பக்கம் திறக்கும். கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று மட்டும் எட்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்று பார்த்துக்கொள்கிறது.

தமிழில் எழுதுவது பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அலர்ட் எங்களுக்கு மட்டும் இல்லாமல் மையப் பொறுப்பாளருக்கும் எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகிறது, அவர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன். சுருக்க அன்னோட்டேஷன் தமிழில். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் 70தான், அதைத் தாண்டினால் துண்டாகி இரண்டாவது துண்டு எப்போது வரும் என்று தெரியாது. அதனால் சுருக்கம் 70ஐத் தாண்டக் கூடாது என்று விதி. இங்கே எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்து இல்லை: ‘கொட்டாம்பட்டி’ நமக்கு 7 எழுத்து, யூனிகோடில் ஒற்றுப் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணி 13. பின்ட் அளப்பதும் டெம்ப்ளேட் நிரப்பாத மூல எழுத்தைத்தான், லேபிளைக் கூப்பிடும் டெம்ப்ளேட்டே எங்களுக்கு 20 எழுத்து பிடிக்கிறது, எங்கள் ஊர்ப் பெயர் எதுவும் அதைவிட நீளமில்லை என்பதால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சென்டர் லேபிளின் மதிப்பையே தமிழில் மாற்றிவிட்டோம், ப்ரொமீதியஸுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை.

86 ரூலையும் ஒரே நாளில் திருத்தச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். பின்ட்டை சி.ஐ. (மாற்றத்தை ஏற்றுமுன் தானாக ஓடும் சோதனை) கட்டளையாக ஓட்டினால் அந்தக் கிளையில் மாறிய ரூல்களை மட்டும் பார்க்கும், பழையது தடுக்காது. இதற்கு கிட் வரலாறு முழுக்க வேண்டும், எங்கள் பில்டு கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கிக்கொண்டிருந்ததால் முதல் நாள் முழுக்கப் புரியாத பிழையாக வந்தது. முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் எச்சரிக்கையாகவே வைத்தோம், அதில் பில்டு நிற்காது, ஆட்கள் படித்துப் பழகினார்கள். பிறகு கிரிட்டிகல் ரூல்களுக்கு மட்டும் பிழையாக உயர்த்தினோம். ஒரு ரூலுக்கு விலக்கு வேண்டும் என்றால் நிரந்தரமாக அணைக்கும் கமெண்ட்டும் உண்டு, தேதி போட்டு ஒத்திவைக்கும் ஸ்னூஸ் கமெண்ட்டும் உண்டு. எங்களிடம் ஸ்னூஸ்தான் அனுமதி, அதுவும் அதிகபட்சம் ஒரு மாதம். அதை ரிவ்யூவில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

லின்டர் எழுத்தைத்தான் பார்க்கும், நிரப்பிய பிறகு மெசேஜ் எப்படி இருக்கும் என்று பார்க்காது. கிரிட்டிகலான 12 ரூலுக்கு மட்டும் புரோம்டூலில் யூனிட் டெஸ்ட் எழுதினோம், பொய்யாக ஒரு மையத்தில் 19.2 டிகிரி கொடுத்து, வர வேண்டிய அன்னோட்டேஷன் இதுதான் என்று முழு வாக்கியத்தையும் எழுதி ஒப்பிடுவது. ஊர்ப் பெயர் கொட்டாம்பட்டி என்றே வைத்திருக்கிறோம்.

போன மாதம் தம்பி ஒரு புது ரூல் எழுதினான், ஜெனரேட்டர் பேட்டரி இறங்கினால் சொல்வதற்கு. பின்ட் நிறுத்திவிட்டது, ‘முதலில்:’ இல்லை என்று. என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டான். அக்கா பத்து நிமிடம் பேசினார்: டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைக்க வேண்டும், அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எதிர் வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது. தம்பி அதை அப்படியே அன்னோட்டேஷனில் எழுதி, டிராக்டர்காரர் நம்பரை ரன்புக்கில் சேர்த்து, திரும்பக் கமிட் பண்ணினான். பச்சை வந்தது.